நாள் வாடகை வீடும் வீண் விரயமும்



பினாங்கிலும் மலாக்காவிலும் வீட்டை நாள் வாடகைக்கு விடுவது இன்று ஒரு தொழிலாகிவிட்டது. நம்மவரிலும் அதை நடத்துவோர் உண்டு. (சிங்கப்பூரில் தனியார் வீட்டை மூன்று மாதத்துக்குக் குறைத்து வாடகைக்கு விடச் சட்டம் இடந்தராது. அனுமதியோடு நடத்துவோரிடமே பேசுகிறோம்.)

மாத முடிவில் மின்சார பில்லைக் கண்டதும் சிலர் செய்யும் காரியம் நமக்குச் சம்மதமில்லை. ஏர்கான் உள்ள அறை என்று விளம்பரம் செய்துவிட்டு, ஆள் வந்தபின் ரிமோட்டை ஒளிப்பதும், நள்ளிரவில் மெயின் சுவிட்சை இறக்குவதும் சிக்கனமாகுமா? அளவையில் குறைப்போரைத் திருமறையின் 83-ஆவது அத்தியாயம் எவ்வளவு கடுமையாகக் கண்டிக்கிறது! தராசும் படியும் மட்டுந்தானா அளவை? காசு வாங்கிக்கொண்டு விற்ற குளிர்ச்சியும் அளவைதான்.

தங்க வருவோரும் இதைக் கேட்கட்டும். "காசு கொடுத்தாயிற்றே" என்று பூட்டிய அறையில் ஏர்கானை ஓடவிட்டு ஊர் சுற்றப் போவது என்ன நியாயம்? ஓடும் ஆற்றில் ஒளுச் செய்தாலும் நீரை விரயம் செய்யலாகாது என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் போதித்ததாக இப்னு மாஜாவில் வருகிறது. ஆற்று நீருக்கு பில் அனுப்புவார் யாருமில்லை. ஆயினும் அது விரயமே.

கணக்கையும் பார்ப்போம். ஒரு குதிரைச் சக்தி ஏர்கான் சுமார் 800 வாட் இழுக்கும். ஆளில்லா அறையில் 8 மணி நேரம் ஓடினால் 6 யூனிட் வரை போய்விடும். கூரை விசிறிக்கு 70 வாட் போதும். அதே நேரத்துக்கு அரை யூனிட்டுக்குச் சற்றே அதிகம். ஏர்கானை 25 பாகையில் வைத்து விசிறியையும் சுழலவிட்டால் உடம்புக்கு அதுவே சுகம். ஏர்கான் வடிகட்டியை இரு வாரத்துக்கொருமுறை கழுவுங்கள். சாவி அட்டையை எடுத்ததும் அறையின் மின்சாரம் நிற்கும்படி சுவிட்சு வையுங்கள். 60 வாட் குண்டு பல்பு தரும் வெளிச்சத்தை 9 வாட் எல்.இ.டி. விளக்கு தந்துவிடும்.

ஜார்ஜ்டவுனின் பழைய கடைவீடுகளைக் கட்டியவர்கள் விவரமறிந்தவர்கள். நடுவே வானம் பார்த்த முற்றம். அதன் வழியே வெப்பக் காற்று மேலெழுந்து போக, ஐந்தடி நடைபாதைப் பக்கமிருந்து புதுக்காற்று உள்ளே வரும். அழகென்று எண்ணி அந்த முற்றத்தைக் கண்ணாடியால் மூடிவிட்டுப் பிறகு அறைக்கு அறை ஏர்கான் மாட்டுவானேன்? பலகணிச் சட்டங்களைத் திறந்து வைத்தாலே மாலை நேரம் கழிந்துவிடும்.

அளவுக்கு மேல் ஓடும் மின்சாரத்துக்குத் தனிக் கட்டணம் வாங்குவதாயின், அதை முன்பணம் பெறுவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். மீட்டரையும் ஆள் நுழையும்போதே காட்டிவிடுங்கள். ஊருக்குப் புறப்பட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலில் நிற்கும் முஸாபிரிடம் அந்தப் பேச்சை எடுக்கலாகாது.