சமரசமும் நீதியும்

ஆத்தூர் வட்டாரத்துச் சிற்றூர்களில் கணவன் மனைவி பிணக்கு நீதிமன்றப் படியேறுமுன் ஊர்ப் பெரியவர்களிடம் வருவது நெடுநாளைய வழக்கம். பெரியவர் வீட்டுத் திண்ணையில் இரு வீட்டாரும் கூடுவர். பேசுவோர் பெரும்பாலும் ஆண்களே. "அனுசரித்துப் போம்மா" என்னும் அறிவுரை பெண்ணுக்கே கிடைக்கும். குடும்பம் உடையவில்லை என்று ஊர் நிம்மதி கொள்ளும். அவள் மனம் அமைதி பெற்றதா என்று கேட்போர் அரியர்.

வழக்காடுவதோ வேறு வகைத் துன்பம். மனுவிலும் எதிர்மனுவிலும் எழுதப்படும் ஒவ்வொரு குற்றச்சாட்டும் புண்ணை ஆழமாக்குகிறது. தீர்ப்பு வந்த பின்னரும் அவ்விருவரும் தம் குழந்தைக்குத் தாயும் தந்தையுமாகவே இருக்கின்றனர். அவ்வுறவை எந்தத் தீர்ப்பும் முடித்துவைக்க இயலாது.

இவற்றுக்கிடையே வேறொரு வழியும் உண்டு. தகராறில் இணக்கம் காண முயல்வதை 1984-ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றச் சட்டம் நீதிமன்றத்தின் கடமையாகவே வைத்தது. 2005-இல் சென்னை உயர்நீதிமன்றத்தில் சமரச மையம் தொடங்கப்பெற்று, பின்னர் மாவட்டங்களுக்கும் அம்முறை பரவியது. சமரசர் தீர்ப்புக் கூறுவதில்லை. இருவரையும் சேர்த்தும் தனித்தனியாகவும் வைத்துக் கேட்கிறார். அங்கே பேசியது வழக்கில் சான்றாகாது. உடன்பாடு எட்டாவிடில் வழக்கு நீதிமன்றத்திற்கே திரும்பும். பிள்ளை யாரிடம் வளர்வது, மற்றவர் எந்நாளில் வந்து காண்பது, ஜீவனாம்சம் எவ்வளவு, சீர் நகைகளை எப்போது திருப்புவது என்பவற்றை அவர்களே பேசி முடிக்கலாம். சேர்ந்து வாழ்வது மட்டுமே சமரசம் என்பதில்லை. பகையின்றிப் பிரிவதும் அதில் அடங்கும்.

எனினும், திண்ணைப் பஞ்சாயத்தின் குறை இங்கும் நுழையாது என்று சொல்ல முடியுமா? அடிக்கு அஞ்சி வாழ்ந்தவள், அடித்தவன் எதிரே அமர்ந்து மனம் திறந்து பேசுவாளா? 2013-இல் உச்சநீதிமன்றம் மணவாழ்வுத் தகராறுகளைச் சமரசத்திற்கு அனுப்புமாறு வலியுறுத்தியபோது, கொடுமைப் புகார்களில் இரு தரப்பாரின் விருப்பமும் வேண்டும் என்றும், சட்டத்தின் கடுமை தளரலாகாது என்றும் சேர்த்தே கூறியது. ஆகவே, 'முடியாது' என்று சொல்லும் உரிமை இருவருக்கும் உள்ள இடத்தில்தான் சமரசம் அறமாகிறது.

மன்னிப்பைப் பேரறமாகப் போற்றும் நாம் இதை நன்கு சிந்திக்க வேண்டும். மன்னிப்பு என்பது துன்புற்றவர் மனமுவந்து தருவது. உற்றார் கூடி வற்புறுத்திப் பெறுவது அன்று. பிணக்குற்ற தம்பதியர் நம்மிடம் வரும்போது, 'சேர்ந்து வாழுங்கள்' என்று சொல்லுமுன், அஞ்சி நிற்பவரைத் தனியே அழைத்து முதலில் கேட்போம்.