ஒண்ட இடம் கொடுத்தால் கடமை தீர்ந்ததா?

இங்கிலாந்தில் 2019 முதல் 2024 வரையிலான ஐந்தாண்டுகளில் குறைந்தது 74 குழந்தைகளின் சாவுக்கு, வீடில்லாத அவர்களின் குடும்பங்களை அரசு தங்கவைத்த தற்காலிக இருப்பிடமும் ஒரு காரணம் என்று தெரியவந்திருக்கிறது. அவர்களில் 58 பேர் ஒரு வயதுகூட நிறையாத பச்சிளங்குழந்தைகள். தொட்டில் போட இடமில்லாத ஒற்றை அறை, தாயும் பிள்ளைகளும் நெருக்கியடித்துப் படுக்கும் ஒரே மெத்தை, ஈரம் ஊறிப் பூஞ்சை படிந்த சுவர். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தொட்டில் கிடைக்க உதவுங்கள் என்று அரசு தன் வழிகாட்டு நெறிகளில் சேர்த்ததே 2024இல்தான். செல்வம் கொழிக்கும் நாட்டில் இதையும் எழுதி வைத்துத்தான் செய்ய வேண்டியிருக்கிறது!

வீடற்றவருக்கு ஒண்ட ஓர் இடம் காட்டிவிட்டால் அரசின் கடமை தீர்ந்துவிடுமா? தீராது. ஆபத்து வேளையில் ஒதுங்க இடம் தருவது அறம். அந்த ஒதுக்கிடத்திலேயே ஒரு குடும்பத்தை ஆண்டுக்கணக்கில் கிடக்கவிடுவது அறக்கேடு.

சோழ மன்னனிடம் மணிமேகலை தனக்கென்று எதுவும் கேட்கவில்லை. சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றித் தரும்படி கேட்டாள், அவனும் மாற்றினான். இன்றைய அரசுகள் அடைக்கலம் தர வேண்டிய இடத்தைச் சிறையாக்கி வைத்திருக்கின்றன. நிலையாமை அதிகாரத்தில் வள்ளுவர், உடம்புக்குள் ஒண்டியிருக்கும் உயிருக்கு நிலையான வீடு அமையவில்லையோ என்று கேட்கிறார். உயிரின் ஒண்டலுக்கே இரங்கிய மரபு நம்முடையது. இல்லாதவர்க்குக் கொடுப்பதே ஈகை என்றும் அவரே வரையறுத்தார். ஏழைக்கென்று ஒதுக்கிய பொதுப்பணம் விடுதி முதலாளியின் கல்லாவில் போய் விழுமானால் அது எப்படி ஈகையாகும்?

வீடிழந்தவர்க்கு இடம் தருவதை உள்ளாட்சிகளின் கடமையாக்கி 1977இலேயே சட்டம் இயற்றிய நாடு இங்கிலாந்து. தனியாட்களையும் சேர்த்து, 2010 இறுதியில் தற்காலிக இருப்பிடங்களில் இருந்த குடும்பங்கள் ஏறத்தாழ 48,000. 2025 மார்ச்சில் அந்த எண்ணிக்கை 1,31,000ஐத் தாண்டியது. அங்கே வளரும் பிள்ளைகள் மட்டும் சுமார் 1,69,000 பேர். அடுப்படியையும் குளியலறையையும் அந்நியரோடு பகிர வேண்டிய விடுதிகளில், பிள்ளைகள் உள்ள குடும்பத்தை ஆறு வாரத்துக்கு மேல் வைக்கக்கூடாது என்பது சட்டம். அந்தக் கெடு தாண்டியும் அங்கேயே கிடந்த குடும்பங்கள் 2025 மார்ச்சில் ஆயிரக்கணக்கில் இருந்தன.

இது வானத்திலிருந்து விழுந்த கேடல்ல. 1980இல் வந்த சட்டத்தின்படி, உள்ளாட்சிகளுக்குச் சொந்தமான பொதுவீடுகளை, குடியிருந்தவர்களுக்கே மலிவு விலையில் விற்கத் தொடங்கினார்கள். ஏறத்தாழ 20 லட்சம் வீடுகள் கைமாறின. ஈடாகக் கட்டியவை மிகக் குறைவு. 2020 முதல் நான்காண்டுகள், வாடகை ஏறிக்கொண்டே போக, வாடகை உதவித்தொகையின் உச்சவரம்பு அசையாமல் நின்றது.

கருவூலம் வற்றியிருக்கிறது, பொதுவீட்டுக்காக வரிசையில் காத்திருப்பவர்களைத் தாண்டி வீடிழந்தவர்களுக்குத் தர முடியாது என்று உள்ளாட்சிகள் சொல்வதிலும் ஓரளவு நியாயம் உண்டு. ஆனால் 2023-24இல் மட்டும் தற்காலிக இருப்பிடங்களுக்கு அவை செலவழித்தது 220 கோடி பவுண்டுக்கு மேல். அத்தனையும் கொடுத்தும் ஒரு செங்கல்கூடப் பொதுச்சொத்தாகவில்லை. ஆறு வாரக் கெடுவை மீறும் ஒவ்வொரு நாளையும் சட்டமீறலாகவே நடத்த வேண்டும். விற்ற பொதுவீடுகளுக்கு ஈடாக வீடுகளை அரசே கட்ட வேண்டும்.