நாவை விற்பவன் உண்மையையும் விற்கலாமோ?

பிறருக்காகப் பேசுவது பழிக்கத்தக்க தொழிலன்று. எழுதத் தெரியாதவனுக்கு மனு எழுதிக் கொடுப்பவனும், தொழிலாளர் குறைகளை நிர்வாகத்தினிடம் எடுத்துரைக்கும் சங்கச் செயலாளனும் அதனையே செய்கின்றனர். பெரிய கம்பெனிகளும் அரசாங்கங்களும் தம் சார்பில் பொதுமக்களிடம் பேசுவதற்கெனச் சம்பளம் கொடுத்து ஆட்களை அமர்த்துகின்றன. மக்கள் தொடர்பு என்பது அத்தொழிலின் பெயர். கூலி பெற்றுப் பேசுபவன், தான் பேசுவது மெய்யோ பொய்யோ என ஆராயக் கடமைப்பட்டவனா என்பதே ஈண்டு நம்முன் நிற்கும் வினா.

இதற்கு விடை காண, அத்தொழிலின் முன்னோடிகளுள் ஒருவரான அமெரிக்கர் ஐவி லீ என்பாரின் வரலாறு துணை செய்யும். 1906-ஆம் ஆண்டில் அவர் பத்திரிகைகளுக்கு ஓர் அறிக்கை விடுத்தார். தம் வேலை ஒளிவுமறைவற்றது, தாம் தரும் செய்தி திருத்தமானது, ஐயமுற்றோர் விசாரித்தறியத் தாமே உதவுவார் என்பது அதன் சாரம். கேட்பதற்கு எவ்வளவு இனிமை!

எட்டாண்டுகளில் அவ்வாக்குக்குச் சோதனை வந்தது. கொலராடோ மாநிலத்து நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் 1913 செப்டம்பரில் வேலைநிறுத்தம் தொடங்கினர். அச்சுரங்கங்களுட் பெரியவை ராக்பெல்லர் குடும்பத்தின் ஆதிக்கத்திலிருந்த கம்பெனியுடையவை. தொழிலாளி குடியிருந்த வீடு கம்பெனியுடையது. சாமான் வாங்கிய கடையும் கம்பெனியுடையது. வைத்தியரும் கம்பெனியின் ஆளே. லயத்து வாழ்க்கையை அறிந்தோர்க்கு இதனை விளக்கவும் வேண்டுமோ? வீடிழந்தோர் லட்லோ என்னுமிடத்தில் கூடாரமடித்து வாழ்ந்தனர். 1914 ஏப்ரல் 20-இல் மாநிலப் படையினரும் கம்பெனிக் காவலரும் தாக்கியபோது கூடாரங்கள் எரிந்தன. ஒரு கூடாரத்தின்கீழ் தோண்டிய குழியில் ஒளிந்திருந்த 2 பெண்களும் 11 குழந்தைகளும் மாண்டனர்.

நாடெங்கும் மூண்ட கண்டனத்தைத் தணிக்க ராக்பெல்லர் அமர்த்தியவர் இந்த ஐவி லீயே. அவர் தயாரித்த பிரசுரங்கள் சுரங்க நிர்வாகிகளின் பெயரால் வெளிவந்தன. அவற்றுள் ஒன்றில், சங்கத் தலைவர்கள் ஓராண்டு முழுவதும் பெற்ற ஊதியம் வெறும் ஒன்பது வாரத்து ஊதியமாக அச்சேறியது. பட்டினி கிடந்து போராடுவோரின் தலைவரைக் கொள்ளையராகக் காட்ட அவ்வொரு கணக்கு போதாதா? 1915-இல் அரசாங்க விசாரணைக் குழு இவரைக் கேட்டது. முதலாளிகள் தந்த விவரம் மெய்தானா என்றறியத் தாம் எம்முயற்சியும் செய்யவில்லையென அவர் ஒப்புக்கொண்டார்.

அவர் அறிந்து பொய் சொல்லவில்லை, ஆகவே குற்றமில்லை எனச் சிலர் வாதிப்பர். அவ்வாதம் நில்லாது. அறிய வழியிருந்தும் அறியாதிருந்தவன், அவ்வறியாமைக்குக் கூலி பெற்றவனாகிறான். வழக்கறிஞரும் கட்சிக்காரருக்காகவே பேசுகிறார் என்பாருமுளர். உண்மைதான், ஆயினும் நீதிமன்றத்தில் எதிர்வழக்காடுபவர் இருக்கிறார், தீர்ப்பளிக்க நீதிபதி இருக்கிறார். பத்திரிகையைப் படிப்பவனுக்கோ இவ்விருவருமில்லை. தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் மலாயாவின் வளத்தைப் புகழ்ந்து ஆள் திரட்டிய கங்காணிமாருள் எத்தனை பேர் தமக்குக் கிடைக்கும் தலைக்காசைப் பற்றிக் கூறினர்? கேட்ட ஏழை கடல் கடந்து வந்து பார்த்தன்றோ சரிபார்க்க முடிந்தது! கேட்பவன் சரிபார்க்க இயலாதபோது, சரிபார்க்கும் கடமை பேசுபவனையே சாரும்.

இத்தொழிலினர் பின்னாளில் ஒழுக்க விதிகளை வகுத்தனர். 1965-இல் ஏதென்ஸ் நகரில் சர்வதேச விதித்தொகுப்பொன்றும் ஏற்கப்பட்டது. நன்றே. ஆயினும் 1906-ஆம் ஆண்டு அறிக்கையும் நல்ல விதிதானே! மீறியவனைத் தண்டிக்கும் துணிவே விதிக்கு உயிர். தென்னாப்பிரிக்காவில் இனப்பகையைத் தூண்டும் பிரசாரம் நடத்தியதற்காக, இலண்டன் பெல் பாட்டிஞ்சர் நிறுவனத்தைப் பிரிட்டனின் மக்கள் தொடர்புத் தொழிலினர் சங்கமே 2017 செப்டம்பரில் விலக்கியது. வாடிக்கையாளர் அகன்றனர், சில நாட்களில் அந்நிறுவனம் நொடித்தது.

இவ்வளவுகோல் முதலாளியின் ஆளுக்கு மட்டுமன்று. நம் சங்கங்களும் ஆலயக் குழுக்களும் பத்திரிகைகளும் தம் பக்கத்துக் கணக்கைக் கூறும்போதும் இதுவே அளவு. பேசுபவர் யார், அவருக்குக் கூலி தருபவர் யார், கூற்றைச் சரிபார்த்தவர் யார் என்னும் மூன்று கேள்விகளைக் கேட்கப் பழகுவோமாக. நாம் பிறருக்காகப் பேசும் நாளில், இம்மூன்றுக்கும் நாணாமல் விடை கூறக்கூடியவராயும் இருப்போமாக.