சாவியோடு ஒரு காகிதம்

உடுமலைப்பேட்டை நூற்பாலைகளுக்கும் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கும் ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து வேலைக்கு வருகிறவர்கள் பலர் லைன் வீடுகளில் வாய்ப்பேச்சை நம்பியே குடியேறுகிறார்கள். பிறகு வங்கிக் கணக்கு, கேஸ் இணைப்பு என்று எங்கே போனாலும் உள்ளூர் முகவரிக்குச் சான்று இல்லாமல் நிற்கிறார்கள். தமிழ்நாட்டில் 2019 முதல் நடைமுறையில் உள்ள வாடகைச் சட்டம் எழுத்து ஒப்பந்தத்தையும் அதன் பதிவையும் கட்டாயமாக்கியிருக்கிறது. வேறு உடன்பாடு இல்லையென்றால் 3 மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கவும் கூடாது. ‘ஆறு மாதத்தில் ஊருக்குப் போய்விடுவார்கள், ஒப்பந்தம் எதற்கு?’ என்று வீட்டுக்காரர்கள் கேட்கலாம். வாடகை பாக்கி நின்றால் அவர்களுக்கும் கைகொடுப்பது அந்தக் காகிதம்தானே? வீட்டுக்காரர்களே, சாவி கொடுக்கும் அன்றே ஒப்பந்தத்தின் பிரதி ஒன்றையும் குடிவருபவர் கையில் கொடுங்கள்.