ஜிம்முக்குப் போன பையன்கள்

போன முகாமில் ஒரு தம்பி கேட்டான்: "அண்ணே, நம்ம ஆளுங்கன்னு தேடி வந்து அடிச்சா, போலீஸ் ரிப்போர்ட் போட்டுட்டு சும்மா உட்காரணுமா?" நான் சிரித்து மழுப்பிவிட்டேன். கேள்வி மட்டும் விடவில்லை.

எனக்கு அல்ஜீரிய யூதர்கள் ஞாபகம் வந்தார்கள். அது பிரான்ஸ் ஆண்ட காலனி. 1870-இல் அங்கிருந்த யூதர்களில் பெரும்பாலோருக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை கிடைத்தது. பக்கத்து வீட்டு முஸ்லிமுக்குக் கிடைக்கவில்லை. யூதன் தனக்குச் சமமாக வந்ததை வெள்ளைக்காரக் குடியேறிகளும் பொறுக்கவில்லை. 1898-இல் அல்ஜியர்ஸில் யூதர் கடைகளைச் சூறையாடியவர்கள் அவர்கள்தான்.

1934 ஆகஸ்டில் கான்ஸ்டன்டைன் நகரில் முஸ்லிம் கும்பல் 25 யூதர்களைக் கொன்றது. படையும் போலீசும் இருந்தும் நேரத்தில் தடுக்கவில்லை. அதே ஊரில் யூத அண்டை வீட்டாரை ஒளித்துக் காத்த முஸ்லிம்களும் உண்டு.

அதன் பிறகும் பல யூதர்கள், "நாங்கள் பிரெஞ்சுக் குடிமக்கள், அரசு எங்களைக் காக்கட்டும்" என்றுதான் சொன்னார்கள். எலி கோஸ்லான் போன்ற சிலர் முஸ்லிம் அறிஞர் ஷேக் எல் ஒக்பியோடு சேர்ந்து இரு சமூகத்தையும் பேச வைத்தார்கள். நம்பிய அரசு என்ன செய்தது? 1940 அக்டோபரில் விஷி அரசு ஒரே சட்டத்தில் அந்தக் குடியுரிமையைப் பறித்தது.

அப்போதுதான் அல்ஜியர்ஸ் யூத இளைஞர்கள் 'ஜியோ கிரா' என்ற ஜிம்மில் கூடினார்கள். பார்ப்பவர்களுக்கு உடற்பயிற்சி, குத்துச்சண்டை. உள்ளே தற்காப்புப் படை. 1942 நவம்பர் 8-ஆம் தேதி விடியுமுன், ஹோசே அபுல்கர் என்ற 22 வயது மருத்துவ மாணவர் உட்பட சுமார் 400 பேர் நகரின் முக்கிய இடங்களைப் பிடித்தார்கள். பெரும்பாலோர் யூதர்கள். அமெரிக்கப் படை இறங்க வழி பிறந்தது. கைம்மாறு? 1943 மார்ச்சில் ஜெனரல் ஜிரோ அந்தக் குடியுரிமைச் சட்டத்தை மறுபடி ரத்து செய்தார்! திரும்பக் கிடைக்க அக்டோபர் ஆனது.

தம்பி, ஜிம்முக்குப் போனது சரிதான். உயிரைக் காத்துக்கொள்வதில் என்ன தப்பு? ஆனா அந்தப் பையன்கள் யார்மேல் கை வைத்தார்கள் பாருங்க. 1934-க்குப் பழி வாங்க முஸ்லிம் தெருவுக்குப் போகவில்லை. தங்களைச் சட்டம் போட்டுத் தள்ளிய ஆட்சியைத்தான் பிடித்தார்கள். அந்த நிதானம் எனக்கு வந்திருக்குமா, தெரியல.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. 1870-இல் அந்த உரிமை என் வீட்டுக்கு மட்டும் வந்து, பக்கத்து வீட்டுக்கு வராமல் போயிருந்தால், நான் வேண்டாம் என்றிருப்பேனா? பிள்ளைகள் எதிர்காலத்தை நினைத்து வாங்கிக்கொண்டிருப்பேன். அடுத்த முகாமில் தம்பியிடம் இதைத்தான் கேட்கப்போகிறேன்.