நிற்குமுன் விடுபடுவோம்



ஹைதராபாத் நகரின் மேற்குப் புறத்தில், வெளிவட்டச் சாலையை ஒட்டி, சைக்கிள்களுக்கென்றே ஒரு பாதை அமைந்திருக்கிறது. 2023 அக்டோபர் 1 அன்று திறக்கப்பட்ட இதன் நீளம் 23 கிலோமீட்டர். நானக்ராம்குடாவிலிருந்து ஒரு பிரிவும், நார்சிங்கியிலிருந்து கொல்லூர் வரை மற்றொரு பிரிவுமாகச் செல்லும் இப்பாதைக்கு, 16 மெகாவாட் திறனுள்ள சூரியத் தகடுகளே கூரை. இத்தகைய பாதைகளில் பழகுவோருள் ஆர்வம் முதிர்ந்தவர்கள், காலணியைப் பூட்டிக்கொள்ளும் பெடலுக்கு மாறுவதுண்டு. அந்தப் புதிய மாணவர் கற்கும் பாடம் ஆன்மிக சாதகருக்கும் உரியது.

பனிச்சறுக்குக் கட்டையில் காலணியைப் பிணைக்கும் கருவிகளைச் செய்துவந்த பிரான்ஸ் நாட்டு நிறுவனம் லுக். அது அதே உத்தியைச் சைக்கிளுக்குக் கொண்டுவந்து, 1984இல் இவ்வகைப் பெடலை அறிமுகம் செய்தது. மறு ஆண்டு பெர்னார் ஹினோ அதைக் கொண்டே டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் வென்றார். அதன் அமைப்பு எளியது. காலணியின் அடியில் ஒரு சிறு கட்டை இருக்கும். முன்பாதத்தால் அழுத்தினால், வில்லின் விசையால் அது பெடலில் பூட்டிக்கொள்ளும். பிறகு மேடானாலும் குழியானாலும் பாதம் வழுவாது.

ஆயினும் புதியவர் விழுகிறார். எப்போது விழுகிறார்? பெரும்பாலும் வேகமாகச் செல்லும்போதன்று, நிற்கும்போது! சிவப்பு விளக்கைக் கண்டு பிரேக்கைப் பிடிக்கிறார். வண்டி நிற்கிறது, கால் தரைக்கு வர மறுக்கிறது. பதறிப்போய்ப் பாதத்தை மேல்நோக்கி இழுக்கிறார். எவ்வளவு இழுத்தாலும் பூட்டு விடுவதில்லை. நின்ற இடத்திலேயே பக்கவாட்டில் சாய்கிறார்.

நம் வாழ்க்கையும் இதுவேயன்றோ? கடமைகள் ஓடிக்கொண்டிருக்கும்வரை நம் பற்றுகள் நமக்கே தெரிவதில்லை. முப்பது ஆண்டுகள் பதவியிலிருந்தவர் ஓய்வு பெறுகிறார். மறுநாள் காலை அவரைத் தேடி ஒரு கோப்பும் வருவதில்லை. மகளை மணமுடித்து அனுப்பிய தாய், அவளது அறையில் தனியே நிற்கிறாள். ஓட்டம் நிற்கும்போதுதான் எங்கே பூட்டப்பட்டிருக்கிறோம் என்பது புலப்படுகிறது. அந்த நொடியில் விடுபடக் கற்க முயன்றால் காலம் கடந்துவிடும்.

இங்கு ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். மேல்நோக்கி இழுப்பதால் விடாத அந்தப் பூட்டு, குதிகாலை வெளிப்புறமாகச் சற்றே திருப்பினால் விட்டுவிடுகிறது. அதற்குப் பலம் வேண்டுவதில்லை. திசை அறிந்தால் போதும். குடும்பத்தின்மீது கசப்புற்று, 'எல்லாவற்றையும் உதறிவிட்டேன்' என்று சிலர் கூறுவர். உதறியதையே நாள்தோறும் எண்ணிப் புழுங்குவர். வெறுப்பும் ஒரு பூட்டே. மேல்நோக்கி இழுக்கும் இழுப்பே. மெய்யான வைராக்கியம் ஒரு சிறு திருப்பம். 'இது என்னுடையது' என்ற எண்ணம் 'இது இறைவன் என்னிடம் ஒப்படைத்தது' என்று திரும்புகிறது. வீடும் அதுதான், மக்களும் அவர்கள்தாம். பிடி மட்டும் தளர்ந்துவிடுகிறது.

இத்திருப்பம் எவ்வாறு கைவரும்? அனுபவமுள்ள ஓட்டுநர் புதியவருக்குக் கூறும் அறிவுரைகளையே கேட்போம். முதலில் சுவரைப் பற்றி நின்று, ஒரு காலை மட்டும் பலமுறை பூட்டி விடுவிக்க வேண்டும். வில்லின் இறுக்கத்தைத் திருகாணியால் குறைத்துக்கொள்ள வேண்டும். சாலையில் இறங்கியபின், நிற்க வேண்டிய இடத்திற்கு முன்னரே, வண்டி உருண்டுகொண்டிருக்கும்போதே, ஒரு காலை விடுவித்துவிட வேண்டும்.

சாதகருக்கும் இவையே படிகள். தினமும் காலையில் கால்மணி நேரம், கடமைகளுக்கு வெளியே வந்து இறைவன் முன் அமர்வது சுவரோரப் பயிற்சி. தேவைகளைக் குறைப்பது வில்லைத் தளர்த்துவது. பதவியில் இருக்கும்போதே அடுத்தவரை உருவாக்கிப் பொறுப்பை ஒப்படைப்பதும், பிள்ளைகள் அருகில் இருக்கும்போதே அவர்களது முடிவுகளை அவர்களிடம் விடுவதும் நிற்குமுன் விடுபடுவது. மனத்தை அடக்குவது காற்றை அடக்குவது போல் அரிதாயிற்றே என்று கீதையின் ஆறாம் அத்தியாயத்தில் அர்ச்சுனன் முறையிட்டபோது, கண்ணபிரான் காட்டிய வழிகளும் பயிற்சி, பற்றின்மை என்ற இரண்டே.

விழுந்துவிடுவோமோ என்று அஞ்சிக் காலைப் பூட்டாமலே இருக்கலாமே என்று சிலர் கேட்கலாம். அப்படி அரைமனத்துடன் செய்யும் செயலில் பாதம் வழுவிக்கொண்டே இருக்கும். செய்யும்வரை முழுமையாக ஒன்றுவதும், விட வேண்டிய கணத்தில் முழுமையாக விடுவதும் ஒரே பயிற்சியின் இரு பக்கங்கள். கர்மயோகம் கேட்பது இவ்விரண்டையும்தான்.

நம் அனைவரது பயணத்திலும் ஒரு கடைசி நிறுத்தம் உண்டு. அது எந்தத் திருப்பத்தில் வரும் என்று எவருக்கும் தெரியாது. வாழ்நாள் முழுதும் பழகியதையே மனம் அவ்வேளையிலும் செய்யும். ஆகவே இன்றே, சக்கரம் சுழன்றுகொண்டிருக்கும்போதே, சிறிது சிறிதாகத் திரும்பப் பழகுவோம். அதற்கான தெளிவையும் திடத்தையும் இறைவன் நமக்கு அருள்வானாக!