காண்பதும் கற்பதும்

அழகிய பொருளொன்றைக் கண்டவுடன் அதை நேசிப்பதாகச் சொல்கிறோம். அது எவ்வாறு வளர்ந்தது, எதைச் சார்ந்து வாழ்கிறது, எதனால் வாடும் என்பவற்றை அறிய விரும்பாத நேசத்தை அன்பென்று அழைக்கலாமா? இக்கேள்வியைத் தம் தூரிகையால் நம்முன் வைத்தவர் மார்கரெட் மீ என்னும் ஓவியர்.

இங்கிலாந்தில் 1909-இல் பிறந்த அவர், 1952-இல் பிரேசிலில் குடியேறினார். 1956 முதல் 1988 வரை அமேசான் காடுகளுக்குள் 15 முறை பயணம் செய்து அங்குள்ள செடிகொடிகளை வரைந்தார். தாவர ஓவியத்துக்கு நெடிய மரபொன்று உண்டு. வெள்ளைத்தாளில் செடி மட்டும் தனித்து நிற்கும். இதழும் இலையும் நரம்பும் பிழையின்றி அமைந்திருக்கும். ஒரு செடியை மற்றொன்றினின்று பிரித்தறிய இம்முறை பெரிதும் உதவுகிறது. மீயும் அதில் தேர்ந்தவரே. எனினும், பிற்கால ஓவியங்கள் பலவற்றில் அவர் செடியைச் சூழ்ந்த காட்டையும் சேர்த்தே தீட்டினார். அக்காடு அழிக்கப்படுவதைக் கண்டு வெளிப்படையாகக் குரல் எழுப்பியவரும் அவரே.

அவர் பல்லாண்டுகள் தேடிய செடி, ரியோ நெக்ரோ ஆற்றங்கரையின் வெள்ளக் காடுகளில் வளரும் நிலாப்பூ. இது கள்ளி இனத்தைச் சேர்ந்தது. கள்ளி என்றவுடன் வறண்ட நிலமே நம் நினைவுக்கு வரும். இதுவோ, ஆண்டுதோறும் பல மீட்டர் உயரத்துக்கு நீர் ஏறும் காட்டில், மரத்தண்டோடு ஒட்டிய தட்டையான தண்டுகளால் படர்கிறது. இதன் வெண்மலர் இரவில் விரிந்து விடிவதற்குள் வாடிவிடும். மலரின் நீண்ட குழலுக்கேற்ற நீண்ட உறிஞ்சுகுழல் கொண்ட அந்துப்பூச்சிகளை நம்பியே அது மலர்கிறது. விதைகள் நீரில் மிதந்து வேறு மரங்களைச் சென்றடைகின்றன. மரமும் வெள்ளமும் இருளும் பூச்சியும் இன்றி இம்மலர் இல்லை. இவற்றையெல்லாம் அறிந்தால் வியப்புக் குன்றிவிடும் என்பார் உண்டு. நமக்கோ, அறிந்தபின்தான் வியப்பு வேர்கொள்வதாகத் தோன்றுகிறது.

1988 மே மாதம், 79 வயதை எட்டிய மீ, படகின் மேற்கூரையில் அமர்ந்து அம்மலர் விரிவதைக் கண்டு வரைந்தார். படம்பிடிக்கப் பாய்ச்சிய விளக்கொளி மலர்ச்சியைத் தடுப்பதுபோல் தோன்றவே, விளக்கை அணைத்துவிட்டார்கள். நிலவொளியில் மலர் தொடர்ந்து விரிந்தது. அவ்வாண்டு நவம்பரில் இங்கிலாந்தில் நேர்ந்த கார் விபத்தில் அவர் உயிரிழந்தார்.

அணைந்த அவ்விளக்கு நம்மைச் சிந்திக்கத் தூண்டுகிறது. ஒன்றின் வளர்ச்சியைக் கற்பது என்பது, நம் பார்வை அதற்கு என்ன செய்கிறது என்பதையும் கற்பதன்றோ? அறிய வேண்டும் என்ற ஆவலே, அறியப்படுவதற்கு ஊறாகலாம். நம் இல்லங்களிலும் இதைக் காணலாம். பிள்ளையின் மதிப்பெண்ணை நாள்தோறும் ஆராய்கிறோம். அப்பிள்ளை எதற்கு அஞ்சுகிறது, யாரிடம் மனம் திறக்கிறது என்று கேட்பதில்லை. அதாவது, மலரை வெள்ளைத்தாளில் வைத்துப் பார்க்கிறோம். பிறகு அது விரியவில்லையே என்று இன்னும் கூடுதலாக விளக்கைப் பாய்ச்சுகிறோம். முதியோரிடமும், நம்மிடம் பணிபுரிவோரிடமும் நாம் காட்டும் அக்கறை பல வேளைகளில் இத்தகையதே. அவர்கள் நமக்குத் தரும் பயன் தெரிகிறது. அவர்களைத் தாங்கி நிற்பது எதுவெனத் தெரிவதில்லை.

ஆண்டவர் தம் மலைப்பொழிவில் காட்டு மலர்களைச் சுட்டியபோது, அவற்றின் அழகோடு நிறுத்தவில்லை. அவை வளரும் விதத்தைக் கவனிக்கச் சொன்னார். மத்தேயு நற்செய்தியின் கிரேக்க மூலத்தில் அங்கு வரும் வினைச்சொல் 'நன்கு கற்றறிதல்' என்னும் பொருள் உடையது. கற்றறிதலுக்குக் காலம் வேண்டும். ஆற்றைக் கடக்கும் உழைப்பும், இருளில் காத்திருக்கும் பொறுமையும் வேண்டும்.

நம் வீட்டு முற்றத்துச் செடியை வரைய ஓவியப் பயிற்சி தேவையில்லை. ஒரு தாளும் பென்சிலும் எடுத்து, ஒரே கிளையை ஒரு மாதம் தொடர்ந்து வரைந்து பார்க்கலாம். தளிர் எங்கிருந்து கிளைக்கிறது, எந்தப் பூச்சி எப்பொழுது வருகிறது என்பவை மெல்லப் புலனாகும். அவ்வாறு பழகிய கண், வீட்டினுள் திரும்பும்போது அங்குள்ளோரையும் சற்று நின்று பார்க்கக் கூடும்.